ஆலைப் பக்கத்துக் கோல்

ஆர்ட்கெல்,
8 ஜனவரி 2018

அன்புள்ள டூகல்,

புத்தாண்டு வாழ்த்து ஒரு வாரம் பிந்தி வருகிறது, பொறுத்துக்கொள். போனில் பேசலாம் என்றால் உனக்குக் காது கேட்பதில்லை. நான் உன் மகளிடம் கத்தி, அவள் உன்னிடம் கத்தி, உன் ஓர்க்னித் தீவு முழுக்க நம் கதை தெரிந்துவிடும். ஆகவே பேனா. இங்கே நம் கால்பந்து அணி ரோவர்ஸ் சனிக்கிழமை மறுபடியும் தோற்றது, மூன்றுக்குப் பூஜ்யம். நீ ஊரை விட்டுப் போனது நல்ல நேரம்.

விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமைகளில் கிளப் அறையில் நாங்கள் ஆறேழு கிழவர்கள் உட்கார்ந்து, பழைய புகைப்படங்களில் யார் யார் என்று பெயர் எழுதுகிறோம். பிப்ரவரியில் அந்த கோலுக்கு ஐம்பது வருடம். அறுபத்தெட்டில் கோப்பை ஆட்டத்தில் கிளாஸ்கோக்காரர்களை ஒன்றுக்குப் பூஜ்யம் என்று வீட்டுக்கு அனுப்பினோமே, டெல்ஃபர் தலையால் முட்டிப் போட்ட அந்த கோல்தான். விருந்து வைக்கிறார்கள். கோலுக்கு நேர் பின்னால் நின்று பார்த்தவன் என்று என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அழைப்பிதழில் பெயர்கூடப் போட்டாயிற்று.

போன வாரம் ஒரு பழைய பெட்டியில் இந்தப் படம் கிடைத்தது. இந்தக் கடிதத்தோடு ஒரு பிரதி வைத்திருக்கிறேன். நடுவில் வாயைப் பிளந்துகொண்டு நிற்பவன் நீ. உன் இடது பக்கம் என் தொப்பி, என் மஃப்ளர், அதற்குள் நான். மீன்கடை ஆர்ச்சி பார்த்துவிட்டு, "ஏன்டா நினியன், அப்போ இவ்ளோ லட்சணமாவா இருந்த? எப்படா கெட்டுப்போன?" என்கிறான். எனக்கும் குழப்பம்தான், தாடை வேறு மாதிரி இருக்கிறது. நீ பார்த்துச் சொல்.

மோராக் அப்படியே இருக்கிறாள். முதியோர் இல்லத்தில் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். புருஷன் என்று என்னைத் தெரிகிறது, பெற்ற மகனைத் தெரிவதில்லை. ஒரு கூத்தைக் கேள். நான் அவள் முன்னால் பேச்சை ஒத்திகை பார்த்தால், "தலையால இல்ல. அந்த டெல்ஃபர் பின்பக்கத்துல பட்டு உள்ள போச்சு. நான் பாத்தேன்ல" என்கிறாள். மைதானத்துக்குள் காலே வைக்காதவள்! "நீ எங்க பாத்த? நீ வீட்ல இருந்த. நான்தான் போனேன்" என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் திருத்துகிறேன். வாதாடாதீர்கள் என்கிறாள் நர்ஸ். எப்படி விடுவது, டூகல்? அவளிடம் மிச்சம் இருப்பதையாவது சரியாக வைத்திருக்க வேண்டாமா?

என்றும் உன்,
நினியன்


கர்க்வால்,
17 ஜனவரி 2018

அன்பு நினியன்,

மோராக் பற்றிப் படித்து மனம் சங்கடப்பட்டது. நான் கேட்டதாகச் சொல். சொன்னால் புரியுமோ என்னவோ, சொல்.

படத்தை மகளின் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தொப்பி உன்னுடையதுதான், மஃப்ளரும்தான். ஆனால் காதில் முத்துத் தோடு இருக்கிறதே, அது யாருடையது? நீ எப்போது காது குத்திக்கொண்டாய்?

கேலி போகட்டும். நானும் குழம்பித்தான் கிடக்கிறேன். கண்ணை மூடினால் என் இடது பக்கம் நீ நின்று கத்துகிறாய், உன் எச்சில்கூட என் மேல் தெறிக்கிறது. கண்ணைத் திறந்து படத்தைப் பார்த்தால் அந்த இடத்தில் ஒரு பெண் நிற்கிறாள். இரண்டும் எப்படி உண்மையாக இருக்கும்?

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. முதல் பாதியில் நாம் மைதானத்தின் ரயில் பக்கம் நின்றிருப்போம். இடைவேளையில் வழக்கம்போல எல்லோரும் பெவிலியனுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு, நம் பையன்கள் அடுத்து கோல் போடப்போகிற ஆலைப் பக்கத்துக்கு நடந்தோம். அன்றைக்கு அந்த நடையில் ஒரு சம்பவம் நடந்தது. கூட இருந்தவன் மறந்திருக்க முடியாது. அது என்னவென்று எழுது. உன் கால் உடைந்தது எந்த வருடம் என்றும் எழுது.

இங்கே காற்று வழக்கம்போல. குப்பைத் தொட்டி பக்கத்து வீட்டுக்குக் குடி போய்விட்டது.

அன்புடன்,
டூகல்


ஆர்ட்கெல்,
23 ஜனவரி 2018

டூகல்,

ஐம்பது வருடம் பழகியவனுக்குப் பரீட்சை வைக்கிறாயா? தோடு ஒன்றும் இல்லை, அது படத்தில் விழுந்த புள்ளி. வியாழக்கிழமைக் கூட்டத்தில் உன் கடிதத்தைக் காட்டவில்லை. காட்டியிருந்தால் ஆர்ச்சி என்னை ஊரில் நடமாட விட்டிருப்பானா?

எழுது என்றாயே, இதோ எழுதுகிறேன். பனியைத் தள்ளிக் கோடு போட்டிருந்தார்கள். ஆரஞ்சு நிறப் பந்து. அவர்களுடைய கோல்கீப்பர் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தான். எழுபத்தோராவது நிமிடம் கார்னர். டெல்ஃபர் இரண்டு பேருக்கு மேல் எழும்பித் தலையால் முட்டினான். வலையில் உறைந்திருந்த பனி மாவாகக் கொட்டியது. பக்கத்தில் இருந்தவன் என் கோட்டின் மேல் சூடான சூப்பைக் கொட்டினான். இல்லாதவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

இடைவேளையைக் கேட்கிறாய். மூன்று நாள் உட்கார்ந்து யோசித்தேன். ரயில் பக்கம் நிற்கிறேன். பிறகு ஆலைப் பக்கம் நிற்கிறேன். நடுவில் எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. மற்ற எத்தனையோ ஆட்டங்களில் நடந்தது கால் வலி உட்பட நினைவிருக்கிறது. இதில் மட்டும் ஒன்றும் இல்லை.

கால் உடைந்தது அறுபத்தொன்பதில், காகித ஆலையில் உருளை விழுந்து. ஏழு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அறுபத்தொன்பதுதான். ஆர்ச்சி அறுபத்தேழு என்கிறான், அவனுக்கு நேற்று என்ன கிழமை என்றே தெரியாது.

எனக்குப் பயமாக இருக்கிறது, டூகல். மோராக்குக்கும் இப்படித்தான் சின்னச் சின்னதாக ஆரம்பித்தது. நீ எதையோ தெரிந்துகொண்டு கேட்கிறாய். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடு.

நினியன்


கர்க்வால்,
1 பிப்ரவரி 2018

அன்பு நினியன்,

முதலில் இதைப் படி. உன் தலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

பெவிலியனுக்குப் பின்னால் இருந்த சந்து அன்றைக்குப் பனி இறுகிக் கிடந்தது. நம் ஆட்கள் அந்தப் பக்கம் போக, கிளாஸ்கோக்காரர்கள் இந்தப் பக்கம் வர, நடுவில் மூச்சு முட்டும் நெரிசல். ஒரு பெண்ணின் குதிகால் செருப்பு ஏதோ இடுக்கில் மாட்டி ஒடிந்தது. விழப்போனவளைக் கிளாஸ்கோக்காரர்கள் மூன்று பேர் அலேக்காகத் தூக்கித் தலைக்கு மேல் கை மாற்றி நம் பக்கம் அனுப்பினார்கள். அவள் மேலே மிதந்துகொண்டே, "யோவ், என் செருப்பு! செருப்பை எடுங்கய்யா!" என்று கத்தினாள். செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடியவன் நான்.

இத்தனை வருடம் எனக்குச் செருப்பு நினைவிருந்தது, முகம் நினைவில்லை. அந்தத் தோட்டைப் பார்த்த பிறகு ஒவ்வொன்றாக வந்தது. உன் கல்யாணத்துக்கு உன் அம்மா போட்ட தோடு அது. அவள் மோராக்.

நீ ஆஸ்பத்திரியில் கிடந்தாய். டிக்கெட் வீணாகக் கூடாது என்று தொப்பியோடு அவளிடம் கொடுத்தாய். மறுநாள் பார்வை நேரத்தில், நானும் கூட இருக்க, அவள் உன் வார்டில் ஆறு கட்டிலுக்கு நடுவில் நின்று முழு ஆட்டத்தையும் சொன்னாள். கோல் எப்படி விழுந்தது என்று கட்டில் கம்பியில் பின்பக்கத்தை இடித்துக் காட்டினாள். குடல் ஆபரேஷன் செய்த கிழவர் ஒருவர் தையல் பிரிகிறது, நிறுத்து என்று கெஞ்சினார்.

முதல் ஒன்றிரண்டு வருடம் நீ கதையை "மோராக் சொன்னா" என்றுதான் ஆரம்பிப்பாய். பிறகு அந்த இரண்டு சொல்லும் எங்கேயோ உதிர்ந்தன. பந்தும் பின்பக்கத்திலிருந்து தலைக்கு ஏறிவிட்டது. ஒரு தடவை அவளிடமே கேட்டேன். "போகட்டும் டூகல், அவன் சொன்னா நல்லா இருக்கு" என்று சிரித்தாள். அவ்வளவு நன்றாகச் சொன்னாய். கேட்டுக் கேட்டு நானே உன்னை என் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன்.

விருந்தில் என்ன பேசுவது என்பது உன் இஷ்டம். இங்கிருந்து ஒருவனும் வாயைத் திறக்க மாட்டான்.

உன்,
டூகல்


ஆர்ட்கெல்,
19 பிப்ரவரி 2018

அன்புள்ள டூகல்,

உன் கடிதத்தை மடித்து எட்டு நாள் மேசை இழுப்பறையில் போட்டுவைத்தேன். பொய் என்று நிரூபிக்கத்தான் வீட்டிலிருந்த படங்களைக் கிளறினேன். கட்டிலில் நான், காலில் மாவுக்கட்டு, கட்டின் மேல் உதட்டுச் சாயத்தால் பெரிதாக 1-0. படத்தின் ஓரத்தில் அச்சு: மார்ச் 1968. அப்புறம் யாரோடு சண்டை போடுவது?

சனிக்கிழமை விருந்து. எழுந்து நின்று, "நான் அன்னிக்கு அங்க இல்ல. பாத்தது என் பொண்டாட்டி. அது தலையால போட்ட கோலும் இல்ல, பின்பக்கத்தால போட்டது" என்றேன். கூடம் அதிரச் சிரித்தார்கள். "எழுபத்தஞ்சு வயசுல என்ன நடிப்புடா!" என்று ஆர்ச்சி மேசையைத் தட்டுகிறான். எத்தனை தரம் சொன்னாலும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். டெல்ஃபரின் மகள் மட்டும் வெளியே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாவும் வீட்ல அதத்தான் சொல்வாரு. ஊரே தலைன்னு சொல்லும்போது நான் எதுக்கு மறுக்கணும்னு விட்டுட்டாராம்."

நேற்று ஞாயிறு. படத்தை எடுத்துக்கொண்டு மோராக்கிடம் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வழியெல்லாம் வார்த்தையைச் சேர்த்துக்கொண்டே போனேன்.

படத்தை நெடுநேரம் பார்த்தாள். "யாரு இந்தப் பொண்ணு? தொப்பி பெருசா இருக்கு" என்றாள்.

"நீதான் மோராக். நீதான் போன. அந்த கோல நீதான் பாத்த."

என்னை இரக்கத்தோடு பார்த்தாள். புரியாத ஆளுக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னாள்: "இல்ல நினியன். நான் எங்க பாத்தேன்? நான் வீட்ல இருந்தேன். நீதான் போன."

என் வார்த்தைகள், டூகல். நான் சொல்லிக்கொடுத்த அதே வரிசையில். எல்லாம் போன பிறகும் அவள் கையில் கெட்டியாகப் பிடித்து வைத்திருந்த ஒன்றை, சரிசெய்கிறேன் என்று உட்கார்ந்து வாரம் தவறாமல் நானே பிடுங்கியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. எழுதவும் கை வரவில்லை.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளுக்கு ஆட்டத்தைச் சொன்னேன். ஆரஞ்சுப் பந்து, கோல்கீப்பரின் தொப்பி எல்லாம். பின்பக்கத்தில் பட்டது என்றதும் வாய்விட்டுச் சிரித்தாள். "நீ எங்க நின்ன?" என்று கேட்டாள். "நான் இல்ல. நீ நின்ன, டூகல் பக்கத்துல" என்றேன். நம்பவில்லை. அடுத்த ஞாயிறும் சொல்வேன், அதற்கடுத்ததும் சொல்வேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். கோலை அவள் எனக்குக் கொடுத்தாள், அதை அவளிடம் திருப்பிச் சொல்ல முடிகிறது. அந்தச் சந்தில் நடந்தது என்னிடம் இல்லை. அதைப் பார்த்தவர்கள் நீங்கள் இரண்டு பேர்தான், இப்போது நீ ஒருவன்தான். அவள் என்ன கலர் கோட் போட்டிருந்தாள், மேலே போகும்போது பயந்தாளா சிரித்தாளா, கீழே இறங்கியதும் அந்த ஆட்களிடம் என்ன சொன்னாள், எல்லாவற்றையும் எழுது. தெரியாததைச் சேர்க்காதே. ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைக்கிற மாதிரி அனுப்பு.

உன்,
நினியன்