மங்கையை நான் வழிமொழிந்தது

ராயபுரம்,
ஞாயிறு காலை.

அன்பு மகள் ஜூடிக்கு அப்பா எழுதுவது. மாதாவின் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், அவளுக்கு இருமல் மட்டும் விடவில்லை, எண்ணூர் ஆலைப் புகைக் காற்று அப்படி. நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும். உன் ஆஸ்பத்திரி வாசலில் அந்த ஊர்க்காரர்கள் சிலர் கொடியோடு நின்று, கறுத்த நர்ஸுகளெல்லாம் ஊருக்குப் போங்கள் என்று கத்துகிறார்கள் என்றும், அங்குள்ள சங்கத்தில் சேரலாமா என்றும் கேட்டிருந்தாய். நீ விமானம் ஏறும்போது சங்கம் கிங்கம் என்று போகாதே என்றவன் நான்தான். காரணம் வால்டர். பதினோரு வருஷத்துக்கு முன்னால் என்னைச் சங்கச் செயலாளர் பதவியிலிருந்து இறக்கியவன். அன்றிலிருந்து சந்தா மட்டும் கட்டிவிட்டு ஒதுங்கியே இருந்தேன். கோயிலில்கூட அவன் உட்காரும் பக்கம் நான் உட்காருவதில்லை.

போன செவ்வாய் எங்கள் கன்டெய்னர் யார்டு வாசலில் சங்கக் கூட்டம். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் மங்கையைச் செயலாளராக்க வேண்டும், யார்டில் வேலை செய்யும் ஒடிசாக்காரர்களுக்கும் உறுப்பினர் அட்டை தர வேண்டும் என்று வால்டர் முன்மொழிந்தான். புதிதாக முளைத்த ஒரு கட்சிக்காரர்கள் அதற்கு முன்பே மங்கையின் படத்தைப் போட்டு வாட்ஸப்பில் அசிங்கமாக எழுதி, வடக்கத்தியானை விரட்டு என்று சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். நம் சங்கத்தில் வழிமொழிகிறவர் லாரி மேல் ஏறித் தன் பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்த படம் அவருடையதுதான், அதனால் ஒருவரும் அசையவில்லை. நானும்தான், வால்டர் கொண்டுவந்தது தோற்கட்டுமே என்று நின்றேன். அப்போது ஒருவன், "இன்னா மங்கை, வூட்ல மீனு ஆயாம இங்க இன்னா பண்ணிகினு கீறே" என்று கத்தினான். அவள், "வண்டிய நான் ஓட்டறேன், நீ போயி ஆஞ்சி வை நைனா, சாயந்திரம் வந்து கொயம்பு வெக்கறேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, இவன்தானே அங்கே உன் வாசலிலும் நிற்கிறான் என்று தோன்றியது. ஏறிவிட்டேன். முழங்கால் மடங்காமல் பாதியில் தொங்கியவனை வால்டர்தான் கையைப் பிடித்து இழுத்தான். "பதினோரு வர்சம் கயிச்சி வர்றே, வெயிட்ட கொறச்சிகினு வரக்கூடாதா" என்றான். பெயரைச் சொன்னேன், கைகள் உயர்ந்தன, தீர்மானம் நிறைவேறியது. மறுநாளே என் படமும் வந்துவிட்டது, முந்தானையில் ஒளிந்த கிழவனாம். பழைய படம், தலையில் முடி இருக்கிறது, அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

வால்டரை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே, அவன் கையால் டீகூடக் குடிக்க மாட்டேன். ஆனால் அவன் மேலிருந்த கோபத்தில் உன்னைத் தனியாக நிற்க வைத்தது என் தப்பு. நாளைக்கே சேர்ந்துவிடு. அந்தக் கொடிக்காரர்கள் வாசலில் நிற்கும் நாட்களில் நாலு பேராக நடந்து போங்கள், தலையைக் குனியாதே. சங்கம் தப்பு செய்தால் எழுந்து சண்டை போடு, ஆனால் என்னைப் போல வெளியே போய் உட்கார்ந்துவிடாதே.

மாதா உன் கூடவே நடப்பாள். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காமல் போடு.

உன் அப்பா,
ஜெரால்ட்