வெயில் குறைந்த நாற்பது நாள்

நவம்பர் 10, திங்கள்

இன்றும் வெயில் சதுர மீட்டருக்கு மூன்று யூனிட்டைத் தாண்டவில்லை. நாலரையாவது வராவிட்டால் சுங்கை ஊடாங் ஹைட்ரஜன் ஆலை வெறும் பேச்சுதான். தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க ஐம்பத்தைந்து யூனிட் மின்சாரம் வேண்டும். பழைய தோட்டத்து நிலத்தில் சோலார் போட்டால் அது மலிவாகக் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. வெளியே வாங்கினால் விலை ஏறிவிடும்; பசுமை என்றும் சொல்ல முடியாது. ஆலைக்கு அனுமதி உண்டா என்று வெள்ளிக்கிழமை கோலாலம்பூரில் முடிவு.

திலகவதி அக்கா, என் மேலதிகாரி, ஐந்து வருடமாக இதற்கு அலைகிறார். தோட்டத்தில் நிற்கும் வெயில் மீட்டரைக் கவனிப்பது என் வேலை. கணக்கு குறைவதற்கு மழைக்காலம்தான் காரணம் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

நவம்பர் 11, செவ்வாய்

அக்கா செயற்கைக்கோள் கணக்கை என் மேசையில் வைத்தார். "பக்கத்துல தங்கா பத்து, தஞ்சோங் கிளிங் எல்லாம் வெயில் நல்லாத்தான் அடிச்சிருக்கு தம்பி. நம்ம தோட்டத்துல மட்டும் எப்படி லா இருட்டு? அக்டோபர் ரெண்டாந்தேதியிலேருந்து பாரு."

அதற்கு முதல் நாள் ஆயுத பூஜை. பார்க்கிறேன் என்று தாளை வாங்கிக்கொண்டேன்.

நவம்பர் 12, புதன்

விடிந்ததும் தோட்டத்துக்குப் போனேன். பூஜையன்று நான் மீட்டர் கம்பத்தில் கட்டிய மாலைதான்! காற்றில் சரிந்து மீட்டரின் கண்ணாடிமேல் பாதி படுத்திருக்கிறது. நிஜப் பூ என்றால் ஒரு வாரத்தில் உதிர்ந்திருக்கும். வாடக்கூடாது என்று பிளாஸ்டிக் மாலை வாங்கிய புத்திசாலி நான். வாராவாரம் கண்ணாடியைத் துடைக்க வேண்டும். மழையைச் சாக்குச் சொல்லி ஒருநாளும் போகவில்லை. துடைத்ததாகக் கையெழுத்து மட்டும் போட்டேன்.

கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை. சொன்னால் வேலை போகும் — சொல்லாவிட்டால்?

நவம்பர் 13, வியாழன்

நேற்றைய கணக்கு நாலே முக்கால். அக்காவுக்குச் சந்தோஷமே இல்லை.

"ஒரே நாள்ல இப்படி ஏறுமா? மீட்டரே கோளாறுன்னு மொத்தக் கணக்கையும் தூக்கிப் போட்டுருவாங்க."

அதற்கு மேல் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லி, மாலையை எடுத்துக் காட்டினேன்.

திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "நீ போட்ட கையெழுத்துக்குக் கீழ நானும்தான் போட்டிருக்கேன், பார்க்காமலே" என்றார். "அறிக்கைய நான் எழுதிக்கிறேன். நீ வீட்டுக்குப் போ."

என்ன எழுதப்போகிறார்?

நவம்பர் 14, வெள்ளி

அக்காவை இரண்டு முறை அழைத்தேன். எடுக்கவில்லை.

டிசம்பர் 1, திங்கள்

ஆலைக்கு அனுமதி வந்துவிட்டது. அந்த நாற்பது நாளைத் தள்ளிவிட்டு, அதற்குச் செயற்கைக்கோள் கணக்கையே எடுத்துக்கொண்டார்களாம். ஆபீசில் கேக் வெட்டினார்கள். அக்கா இல்லை. ஜொகூர் கிளையில் சாமான் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

அவருடைய அறிக்கையை இன்றுதான் படித்தேன். 'கருவியைக் கவனிக்கத் தவறியது மேற்பார்வையாளரான என் பிழை.' என் பெயர் எங்குமே இல்லை. போன் செய்து அழுதுவிட்டேன். "ஆலை வருதுல்ல, அப்புறம் என்ன லா?" என்றார்.

புதிய மேலதிகாரி காளிதாஸ் மதியம் கூப்பிட்டார். "உங்கள ரொம்ப நம்பகமான ஆளுன்னு திலகவதி சொல்லிட்டுப் போயிருக்காங்க."

தலையாட்டிவிட்டு வந்தேன்.