முகமூடி கட்டாயம்

அக்டோபர் 5, சனி

நிருவுக்குத் தசரா லீவு. எனக்கு லீவு கிடையாது, சனிக்கிழமையும் மீட்டிங். லேப்டாப்புக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் பழைய பெட்ஷீட்டைத் தலைவழியாகப் போர்த்திக்கொண்டு அவள். “அம்மா, என் பர்த்டேக்குப் பேய் பார்ட்டி வைக்கலாமா?”

மியூட் போட மறந்திருந்தேன். சென்னை டீம் மொத்தமும் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. என் விஷயத்தில் இப்போது யாரும் சிரிப்பதில்லை.

முப்பத்தொன்றாம் தேதி அவளுக்கு ஒன்பது வயது. சஞ்சய் இல்லாமல் வரும் முதல் பிறந்தநாள். அப்பா போய் ஒரு வருஷம்கூட ஆகாத வீட்டில் பேயா? கேக்கும் பலூனும் போதாதா? ஆனால் சரி என்று சொல்லிவிட்டேன். மறுத்துப் பேசத் தெம்பு வேண்டுமே. இப்போதெல்லாம் நான் சொல்லும் ‘சரி’யில் பாதி அப்படி வருவதுதான்.

அக்டோபர் 8, செவ்வாய்

எதிர் பிளாக்கில் கொலு. “நிருவ மட்டும் அனுப்புங்க, கிருத்திகா. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?” என்றார்கள். சிரமமாம்! குங்குமம் கொடுக்கிற இடத்தில் நான் நின்றால் அவர்களுக்குத்தான் சிரமம். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

திரும்பி வந்தவள் சுண்டலைத் தொடவில்லை. ஏன் என்றால், “சும்மா.”

அக்டோபர் 12, சனி

அழைப்பிதழ் தயார். வௌவால், சிலந்தி வலை, பல்லைக் காட்டும் ஒரு கேக், எல்லாம் அவளே வரைந்தது. கடைசி வரி சிவப்பு ஸ்கெட்சில்: முகமூடி கட்டாயம். பெரியவர்களுக்கும்.

“பெரியவங்களுக்கு எதுக்குடி?”

“அவங்களுக்குத்தான் முக்கியம்.”

போட்டோ எடுத்து அவள் சொன்ன வீடுகளுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

காலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பதில். ‘ஸாரி, ஊருக்குப் போகிறோம்.’ ‘ஸாரி, நாங்கள் அன்றைக்கு இருக்க மாட்டோம்.’ கூடவே கைகூப்பும் பொம்மை. மத்தியானத்துக்குள் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. சாவு விழுந்த வீட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பப் பயமா? அதை நேராகச் சொல்ல வேண்டியதுதானே? எல்லாரும் ஒரே நாளிலா ஊருக்குப் போவீர்கள்?

குப்பை போடக் கீழே போனபோது வாட்ச்மேனிடம் கேட்டேன், அன்றைக்கு அபார்ட்மெண்டில் ஆள் இருப்பார்களா என்று. என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கன்னடம் பாதி தமிழ் பாதியாகச் சொன்னார். “ஹப்ப அல்வா மேடம்? பண்டிகையாச்சே. தீபாவளிக்கு யாரு இருப்பாங்க?”

தீபாவளி!

முப்பத்தொன்றாம் தேதி தீபாவளி. ஊர் உலகத்துக்கே தெரியும், எனக்குத் தெரியாது. சஞ்சயின் காரியம் முடிந்த அன்று அவன் அக்கா ஜெயலட்சுமி சொன்னார்: “வருஷம் திரும்பற வரைக்கும் நமக்குப் பண்டிகை கிடையாது.” அதன்பிறகு நான் பண்டிகைத் தேதி எதையும் பார்க்கவில்லை. இந்த வருஷக் காலண்டரை மாட்டவே இல்லை, சுருட்டினபடியே பீரோமேல் கிடக்கிறது. ஆபீஸ் லீவு லிஸ்ட்கூடக் கண்ணில் பட்டிருக்கும், மனதில் ஏறவில்லை. அனாவசியமாக எத்தனை பேரைத் திட்டிவிட்டேன்.

அக்டோபர் 16, புதன்

விடாத மழை. வைட்ஃபீல்ட் ரோடு முழுக்கத் தண்ணீர் என்று எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை.

தொம்மலூரிலிருந்து ஜெயா அக்கா போன். நிரு அழைப்பிதழை அவருக்கும் அனுப்பியிருக்கிறாள்.

“தீபாவளியும் அதுவுமா வூட்ல பேயி பிசாசுன்னு மாட்டப் போறியா? என்னம்மா கிருத்திகா?”

“நமக்குத்தான் தீபாவளி கிடையாதே, அக்கா.”

“கிடையாதுன்னா? அதுக்குப் பதிலா பேயக் கூப்பிடுவியா? எந்தம்பிக்கு இன்னும் வருஷம்கூடத் திரும்பல.” அப்புறம், “சரி, கொழந்த ஆசப்படுது. கேக்கு வெட்டிட்டு ஆரத்தி எடுக்கணும்ல? நான் வந்து எடுக்கறேன். நீ எடுக்கக் கூடாது. சொல்லிட்டேன்.”

“சரி, அக்கா.”

அதுவும் ஒரு ‘சரி’. என் பிள்ளை. நான் பெற்றவள். எட்டு வருஷமும் அந்தத் தட்டைச் சுற்றினது இந்தக் கை. போன வருஷம் நல்ல கையாக இருந்தது இந்த வருஷம் என்ன ஆயிற்று? சஞ்சய் போனதற்கு இந்தக் கை என்ன பண்ணும்?

அக்டோபர் 19, சனி

பார்ட்டியே வேண்டாம், எல்லாரும் திரும்பி வந்தபிறகு ஒரு கேக் மட்டும் வெட்டலாம் என்று நிருவிடம் சொன்னேன். நல்லபடியாகத்தான் சொன்னேன். “தீபாவளிக்கு ஒருத்தரும் இருக்க மாட்டாங்கடி. அதுவும் பேய் எதுக்கு? பிரின்சஸ் பார்ட்டி வச்சுக்கலாம்.”

பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து பேசினாள்.

“லிஃப்ட்ல ஆன்ட்டிங்க சிரிச்சிட்டே இருப்பாங்க. நான் ஏறினா மூஞ்சி மாறிடும். வாய் கீழ போயிடும். தலைய தடவுவாங்க. கொலுவுலயும் அப்டித்தான். மிஸ்ஸும் அப்டித்தான். என் பர்த்டே அன்னிக்காவது யார் மூஞ்சியும் மாறக் கூடாது. அதுக்குத்தான் முகமூடி.”

கதவில் கை வைத்தேன்.

“நீயும்தாம்மா. என்னப் பாத்தா உனக்கும்தான் மாறுது.”

அக்டோபர் 20, ஞாயிறு

பல் தேய்க்கும்போது கண்ணாடியில் சிரித்துப் பார்த்தேன். நிரு சொன்னது சரி.

அக்டோபர் 26, சனி

பேய் பார்ட்டி உண்டு என்று நிருவிடம் சொல்லிவிட்டு, முகமூடி வாங்க ஆஞ்சலாவோடு சிவாஜிநகர் போனேன். மாடி வீட்டுக்காரி, அவள் மகன் ரோஹன் நிருவின் வகுப்பு. தீபாவளிக்கு ஊருக்குப் போகாத ஒரே வீடு அவர்களுடையது. அவளுக்கு ரெண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அம்மா அப்பா ரெண்டு பேரும் இங்கேதான் அடக்கம்.

தெருவில் நடக்க இடமில்லை, அத்தனை ஜனம். பேய் முகமூடி எங்கேயும் இல்லை. எல்லாக் கடையிலும் பட்டாசும் துணியும்தான். கடைசியில் ஒரு கடையில் திருஷ்டி முகம் கிடைத்தது. கட்டுகிற வீட்டு வாசலில் தொங்கவிடுவார்களே அதுதான்: சிவப்பு மூஞ்சி, முறுக்கு மீசை, வெளியே தள்ளின நாக்கு. எல்லாம் ஒரே அச்சு.

“எடு, எடு. இதவிட பேயா இன்னா கெடைக்கும் உனக்கு?” என்றாள் ஆஞ்சலா. “கண்ணுல ஓட்ட போட்டா முடிஞ்சுது வேல.”

வீட்டில் நிரு பார்த்துவிட்டு, “இது பேய் இல்லம்மா, பேயத் தொரத்தறது” என்றாள். பிறகு ஒன்றை மாட்டிக்கொண்டு சோபாமேல் ஏறிக் குதித்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் இந்த வீட்டில் சத்தம்.

அக்டோபர் 30, புதன்

வருகிறவர்கள்: ஆஞ்சலா, ரோஹன். நிருவின் தோழி வைஷ்ணவி சந்தேகம், அவள் அப்பாவுக்கு ரயில் டிக்கெட் கிடைக்க வேண்டாம் என்று நிரு வேண்டிக்கொள்கிறாள். உடம்பெல்லாம் வலி. கறுப்புத் தாளில் வௌவால் வெட்டி வெட்டி விரல் காய்த்துவிட்டது.

நவம்பர் 1, வெள்ளி

ராஜ்யோத்ஸவ லீவு, மாநிலம் பிறந்த நாள். கீழே கொடி ஏற்றிப் பாட்டுப் போடுகிறார்கள். ஹாலில் இன்னும் வௌவால்கள் தொங்குகின்றன. எடுக்கத் தெம்பில்லை. நேற்றையதை எழுதிவிட்டுப் படுக்கலாம்.

வைஷ்ணவி வந்தாள்! டிக்கெட் கிடைக்கவில்லை. ஆக மூன்று பிள்ளைகள், ஆஞ்சலா, நான். பெட்ஷீட்டைப் போர்த்தி, சிவப்பு மூஞ்சியை மாட்டி, லைட்டை அணைத்துவிட்டோம். வெளியே வெடிக்கிற ஒவ்வொரு வெடிக்கும் உள்ளே இவர்கள் அலறினார்கள். தனியாக எஃபெக்ட் எதுவும் தேவைப்படவில்லை.

ஜெயா அக்கா வந்தார், பட்டில்லை, சாதாரணப் புடவை, கையில் ஆரத்தித் தட்டு. வாசலிலேயே நிரு மறித்தாள். “அத்தை, முகமூடி போடாம உள்ள விட மாட்டேன்.”

நான் பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. ஒரு நிமிஷம் அந்தச் சிவப்பு மூஞ்சியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி ஹேண்ட்பேக்கில் வைத்துவிட்டு, தலையைக் குனிந்து நிருவின் முன்னால் நின்றார். அவள் மாட்டிவிட்டாள். புடவைமேல் ஒரு பெட்ஷீட்டையும் போர்த்தினாள்.

கேக் வெட்டியாயிற்று. அக்கா மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்தார். தண்ணீர் சிவந்ததும் ரோஹன், “ஆன்ட்டி, ரத்தமா?” என்றான்.

“ஆமாண்டா, ரத்தம்தான். கிட்ட வராத” என்றார் மீசை வைத்த அக்கா. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நிருவைக் கிழக்கே பார்க்க உட்கார வைத்தோம். நான் பின்னால் நகர்ந்து, ஃபிரிட்ஜ் பக்கமாகப் போய் நின்றுகொண்டேன். யாரும் சொல்லவில்லை, கால் தானாகவே அங்கே போய்விட்டது. அக்கா தட்டைக் கையில் எடுத்தார். சுற்றவில்லை. அப்படியே நின்றார். வெளியே ஒரு சரம் வெடித்து ஓய்ந்தது.

பிறகு திரும்பி என்னிடம் வந்து தட்டை என் கையில் திணித்தார்.

“நீயே எடு.”

“அக்கா...”

“எல்லா மூஞ்சியும் ஒண்ணாத்தான இருக்கு? யாரு எடுத்தான்னு யாருக்குத் தெரியப் போவுது? எடுடி.” முகமூடிக்குள் குரல் உடைந்தது. அவர் அழுதது எனக்குத் தெரியும். பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். அவருக்கும் தம்பி போய்ச் சேர்ந்துவிட்டானே. லிஃப்ட் இல்லாத தொம்மலூர்த் தெருவிலும் அவரைக் கண்டால் மூஞ்சிகள் மாறத்தானே செய்யும்? இத்தனை நாள் அதை நான் யோசிக்கவில்லை.

சுற்றினேன். சிவப்புத் தண்ணீர் கொஞ்சம் சிந்தியது. பொட்டு வைக்கக் குனிந்தபோது நிரு என் முகமூடியை மேலே தூக்கி உற்றுப் பார்த்தாள். நான் அழுதுகொண்டிருந்தேன்.

“மாறியிருக்கா?” என்று கேட்டேன்.

“மாறியிருக்கு. பரவால்லம்மா. ஆரத்தி நீதான் எடுத்த.” அப்படியே முகமூடியை இறக்கிவிட்டாள்.

நவம்பர் 4, திங்கள்

ஸ்கூல் திறந்தாயிற்று. ஆபீஸ் வண்டியில் பாதி தூக்கம். சில்க் போர்டு ஜங்ஷன் நெரிசல் வேண்டாம் என்று டிரைவர் சுற்றிப் போனான், அங்கேயும் டிராஃபிக்.

மாலை ஜெயா அக்கா போன். “அந்தச் செவப்பு மூஞ்சிய நான் எடுத்துட்டு வந்துட்டேன். அடுத்த வருஷத்துக்கு வேணும்ல?”

“வேற வாங்கிக்கலாம், அக்கா. இன்னும் அஞ்சு இருக்கு.”

“புள்ளைங்களுக்கு வாங்கு. எனக்கு இது இருக்கு. உனக்கு வேண்டாம். அடுத்த வருஷம் நீ மூஞ்சியத் தொறந்துக்கினே எடு. எவ என்னா சொல்றான்னு நான் பாக்கறேன்.”

சரி என்றேன். பீரோமேல் இருந்த காலண்டரை இறக்கி மாட்டினேன். இந்த வருஷத்தில் இன்னும் ரெண்டு மாதம் பாக்கி இருக்கிறது.