நடுக்காட்டுக்குள் யாரும் போகக்கூடாது

ஹேகன் மேடு, விஸ்கான்சின்
பிப்ரவரி 15, 1998

அன்புள்ள மச்சான் ஆர்லனுக்கு,

இங்கே நானும் என் முட்டிவலியும் சௌக்கியம். அங்கே நீயும் என் தங்கை மார்லிஸும் நகரத்து வீட்டில் கதகதப்பாக இருப்பீர்கள். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன் எழுதுகிறேன். பிழை இருந்தால், ஆலையில் கெட்டுப்போன சீஸைத் தள்ளி வைப்பாயே, அந்த மாதிரி தள்ளிவிட்டு மிச்சத்தைப் படி.

மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் அவள்தான் எடுத்தாள். "அவர் ஷெட்ல இருக்காரு அண்ணே" என்கிறாள். மூன்று மாதமாக ஷெட்டில் என்ன செய்கிறாய், முட்டை அடைகாக்கிறாயா?

பதினோரு வருடமாக நம் எண்பது ஏக்கர் காட்டில் பிப்ரவரியில் மரம் சாய்க்காமல் இருந்ததில்லை. நேற்று தனியாகவே போனேன். நெஞ்சு உயரத்தில் பாதி அறுத்து, பட்டை அறாமல் மெல்லச் சாய்க்க வேண்டும். மரமும் சாகக்கூடாது, மானுக்குப் படுக்க மறைவும் கடிக்கக் கொழுந்தும் கிடைக்க வேண்டும். நான் அறுப்பேன், நீ தள்ளுவாய். இப்போது நான் அறுத்துவிட்டுத் தள்ள ஓடுவதற்குள் மரம் தன் இஷ்டத்துக்கு விழுகிறது. ஆறில் நான்கு முறிந்தே போயின. நீ இருந்தால் என்ன வசவு வைவாயோ அதை நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். உன் அளவுக்கு வரவில்லை.

ஜூனி விஷயத்தில் உனக்கு மனம் ஆறவில்லை என்று தெரியும். அவள் மாதிரி மோப்பம் பிடிக்கிற நாய் இந்த வட்டாரத்தில் கிடையாது. அந்த வியாழக்கிழமை அவள் காட்டுக்கோழியைத் துரத்திக்கொண்டு நடுக்காட்டுக்குள் ஓடியபோது நீ பின்னால் போகத்தான் பார்த்தாய். "மான் வேட்டை சீசனுக்கு ரெண்டு நாள்தான் இருக்கு மச்சான். நீ உள்ள போனா உன் சாக்ஸ் நாத்தத்துக்கே அத்தனை கொம்பன் மானும் கிளம்பி, பக்கத்து நிலத்துக்காரன் வேட்டைப் பரணுக்கு அடியில போய் நிக்கும். பசிச்சா அவளே வருவா" என்று சொன்னது நான்தான். ஆனால் செப்டம்பரிலிருந்து ஜனவரி முடிய அந்தப் பதினைந்து ஏக்கருக்குள் மனிதன் கால் வைக்கக்கூடாது, மானுக்குப் பயமில்லாத இடம் ஒன்று வேண்டும் என்ற சட்டம் நாம் இரண்டு பேரும் போட்டது. பழைய மாட்டுவேலியின் முள்கம்பி அந்தப் புதருக்குள் கிடந்ததை மறந்ததும் நாம் இரண்டு பேரும்தான். ஞாயிற்றுக்கிழமை நீ சட்டத்தை மீறி உள்ளே போனபோது, கம்பியில் கால் சிக்கி அவள் போயேவிட்டாள். யார் என்ன செய்ய முடியும்?

சனிக்கிழமை வா. போன வருட மான் தொத்திறைச்சி இன்னும் இருக்கிறது. நான் மட்டும் தின்றால் பேன்ட் பட்டன் பூட்டாத பூதம் போல் ஆகிவிடுவேன்.

உன் வெண்டல்

---

லா க்ராஸ்
மார்ச் 4, 1998

வெண்டலுக்கு,

கடிதம் கிடைத்தது. வர முடியாது. கொட்டகையில் மான் மேய்கிற குளோவர் தீவன விதை இரண்டு மூட்டை இருக்கிறது. தரை உறைவதும் இளகுவதுமாக இருக்கும்போதே தூவிவிடு. முறிந்த மரங்கள் கிடக்கட்டும், முயல் தின்னும்.

ஒன்று கேட்க வேண்டும். ஜூனியைப் பார்த்த கால்நடை மருத்துவர், அவள் சனிக்கிழமை மத்தியானம் வரைக்குமாவது உயிரோடு இருந்திருப்பாள் என்றார். அன்றுதான் சீசனின் முதல் நாள். நான் மேற்குப் பரணில் இருந்தேன், எனக்கு எதுவும் கேட்கவில்லை. நீ கிழக்குப் பரணில் இருந்தாய்.

உனக்கு ஏதாவது கேட்டதா?

ஆர்லன்

---

ஹேகன் மேடு
ஜூன் 7, 1998

அன்புள்ள மச்சானுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, விதைப்பு வேலை.

நல்ல செய்தி கேள். நான்கு வருடம் முன்னால் மொட்டையாக வெட்டினோமே, ஊர் முழுக்க நம்மைப் பைத்தியம் என்றதே, அந்தப் பாப்பிள் மரத் துண்டு நிலம். அடிமரத்திலிருந்து கிளம்பிய கன்றுகள் இப்போது சீப்பு நுழையாத தலைமுடி போல் அடர்ந்துவிட்டன. அதற்குள்ளிருந்து நேற்று ஒரு பெட்டைக் காட்டுக்கோழி குஞ்சுகளோடு குளோவர் பாதைக்கு வந்தது. ஒன்பது குஞ்சுகள். என்னைப் பார்த்ததும் இறக்கை ஒடிந்த மாதிரி இழுத்து இழுத்து ஒரு நடிப்பு. பாத்திரம் கழுவச் சொன்னால் உனக்கு வருமே இடுப்புவலி, அச்சு அசல் அதேதான்.

நீ கேட்டது. அன்றைக்குக் காற்று பலம். என் காதோ இருபது வருடம் ஆலை இயந்திரம் தின்ற காது. சர்ச்சில் பாதிரியார் கத்துவதே கேட்காது, அதனால்தான் நான் இன்னும் பாவியாகவே இருக்கிறேன். அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

ஜூலையில் பாதைகளில் புல் வெட்ட வேண்டும். குஞ்சுகள் பறக்கப் பழகும்வரை வெட்டாதே என்று நீதான் என் கையைப் பிடித்து நிறுத்துவாய். இந்த வருடம் நானே நிறுத்திக்கொள்கிறேன். வந்து பார்.

உன் வெண்டல்

---

ஹேகன் மேடு
ஆகஸ்ட் 30, 1998

ஆர்லன்,

ஜூன் கடிதத்துக்குப் பதில் இல்லை. படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாயாம், மார்லிஸ் சொன்னாள். "அவருக்கு என்னதான் வேணும்னு தெரியல அண்ணே" என்று அழுதாள். உனக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

செப்டம்பர் பிறந்தால் உள்ளே போகக்கூடாது என்று, இந்த வாரம் குறடு எடுத்துக்கொண்டு நடுக்காட்டுக்குப் போனேன். நாம் சாய்த்த மரங்களுக்கு அடியில் தவழ்ந்துதான் போக முடிந்தது. மானுக்கு நல்ல மறைவு, மனிதனுக்கு நரகம். மூன்று நாளில் முள்கம்பி முழுவதையும் சுருட்டி வெளியே எடுத்துவிட்டேன். அவள் சிக்கிய இடத்தில் மண் இன்னும் பறிந்து கிடக்கிறது. அங்கே உட்கார்ந்து தலையைத் தூக்கினால் மரச் சந்தில் என் பரணின் ஏணி தெரிகிறது.

கேட்டது, ஆர்லன். அன்று காலை எட்டு மணிக்கு மேல். மெல்லிசாக ஊளை. கயோட்டி நரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கயோட்டி பட்டப்பகலில் ஒரே இடத்தில் நின்று அப்படி அழாது என்று எனக்குத் தெரியாதா? நான்கு வருடம் நாம் சுடாமல் விட்டு வளர்த்த கொம்பன் ஓடைக்கரையில் நின்றுகொண்டிருந்தது. நான் இறங்கினால் அது போய்விடும். அரை மணி நேரம் அசையாமல் இருந்தேன். அது என் பக்கம் வரவேயில்லை. பிறகு ஊளை நின்றுவிட்டது. நின்றதும் எனக்கு, எழுதவே கை வரவில்லை, நிம்மதியாக இருந்தது.

மறுநாள் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நீ வெளியே வந்தபோது, "அடடா, தெரியாமப் போச்சே மச்சான்" என்றேன். அந்த வார்த்தை இன்னும் என் வாயிலேயே கிடக்கிறது.

இந்தக் கடிதத்தில் வேடிக்கை எழுத எதுவும் இல்லை.

வெண்டல்

---

லா க்ராஸ்
நவம்பர் 8, 1998

வெண்டல்,

கம்பியை எடுத்தது நல்லது. நான் செய்திருக்க வேண்டிய வேலையும்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் காலிலிருந்து கம்பியைக் கழற்றக் குனிந்தேன், நிமிர்ந்தபோது உன் ஏணியைப் பார்த்தேன். அதுவரை எண்ணிக்கொண்டே நடந்தேன், எண்பத்து மூன்று தப்படி. விடை தெரிந்துதான் உன்னிடம் கேட்டேன். ஜூன் கடிதத்தைப் படித்தபோது உன்னை அடிக்க வேண்டும் போலிருந்தது. ஆகஸ்ட் கடிதம் வந்ததும் அந்தக் கோபம் போய்விட்டது. இது உனக்காகச் சொல்கிற பொய் இல்லை.

ஆனாலும் இந்த சீசனுக்கு நான் வரவில்லை. அடுத்ததற்கும் வருவேன் என்று தோன்றவில்லை. காரணம் நீ நினைப்பது இல்லை.

அந்த வியாழக்கிழமை நீ சாக்ஸ் நாற்றம் என்று சொன்னதும் நான் சிரித்தேன். அது உனக்கு ஞாபகம் இருக்காது, நான் சிரிக்காமல் இருந்தால்தான் உனக்கு ஞாபகம் இருக்கும். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அப்போது உள்ளே அவள் ஒரு தடவை குரைத்தாள். நீ வண்டியைக் கிளப்பிவிட்டாய், உனக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. நான் சிரித்துக்கொண்டே ஏறி உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். யாரும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. உனக்காவது கொம்பன் இருந்தது.

இருபத்தாறு வருடமாக நீ வாயைத் திறந்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அங்கே வந்தால் மறுபடி வரும். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

பாப்பிள் அடுத்த துண்டு வெட்டத் தயாராக இருக்கும். தரை உறைந்த பிறகு வெட்டு, வேர் நசுங்காது. மேற்குப் பரணின் ஏணியில் மேல் படி உளுத்திருக்கிறது, ஏறுவதற்கு முன் மாற்று. என் பங்கு நிலத்துக்கு என் சம்மதம் தேவைப்படுகிற காகிதம் எதுவானாலும் அனுப்பு, கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.

நன்றி நாள் விருந்துக்கு மார்லிஸ் மட்டும் உன் வீட்டுக்கு வருவாள். இந்த ஒரு வருடமாக இந்த வீட்டில் அவள் சத்தம் போட்டுப் பேசுவதுகூட இல்லை.

அவளைச் சிரிக்க வை.

ஆர்லன்