எடை போட்ட கடிதங்கள்

மியூனிக்,
14-2-1988

அன்புள்ள காமு அக்காவுக்கு,

உன் தம்பி ஸ்ரீரங்கனின் நமஸ்காரம். இங்கே பனி முழங்கால் வரை. உன் கடிதமும் அப்பளக் கட்டும் ஒரே நாளில் வந்தன. அப்பளம் பாதி நொறுங்கல், கடிதம் முழுசு.

எனக்கு என்ன வேலை என்று ஊரே கேட்கிறதாமே, சொல்கிறேன். எங்கள் கம்பெனியும் ஒரு பிரெஞ்சுக் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து விண்விமானம் ஒன்று செய்கின்றன. ராக்கெட்டின் உதவியால் மேலே போகும். திரும்பும்போது நம் தாம்பரம் ஏர்ஃபோர்ஸ் விமானம் போல ஓடுபாதையில் இறங்கும். ஆறு பேர் உட்காரலாம். டிக்கெட் வாங்கினால் நீகூடப் போகலாம். ஆட்கள் உட்காரும் முன்பகுதி எங்களுடையது, இறக்கையும் பின்பகுதியும் அவர்களுடையது. ஒவ்வொரு திருகையும் எடை போட்டு எழுதுவது என் வேலை.

கை சும்மா இருக்கவில்லை, உன் கடிதத்தையும் தராசில் வைத்தேன். பதினோரு கிராம்! அதற்குள் எட்டுப் பேர் சேதி, ஒரு சினிமா விமரிசனம், எனக்கு இரண்டு திட்டு. இவ்வளவு சிக்கனமாக இங்கே ஒருவரும் எதையும் செய்வதில்லை.

உன்
ஸ்ரீரங்கன்

மாடம்பாக்கம்,
6-3-1988

சிரஞ்சீவி ஸ்ரீரங்கனுக்கு அக்கா காமுவின் ஆசீர்வாதம். இங்கே நான், வீடு, முருங்கை மரம் மூவரும் க்ஷேமம்.

கடிதத்தைத் தராசில் வைக்கிறவனை இப்போதுதான் பார்க்கிறேன். பக்கத்து வீட்டு ஜெயக்கொடியிடம் சொன்னேன். "இன்னா டீச்சரம்மா, அவ்ளோ படிச்சிட்டு உன் தம்பி மளிகைக்கடை வேலையா பாத்துகினு கீறாரு?" என்று சிரிக்கிறாள்.

இரண்டு கம்பெனி சேர்ந்தால் இரண்டு சம்பந்தி சேர்ந்த மாதிரிதான். யக்ஞநாராயணன் மாமா பெண்ணின் கல்யாணம் நினைவிருக்கிறதா? பிள்ளை வீட்டார் எண்பது பேர் என்றார்கள், வந்தது நூற்றிருபது. மாமாவோ நூறு இலைக்குச் சமையல் என்று சொல்லிவிட்டு எழுபதுக்குத்தான் அரிசி போட்டிருந்தார். இரண்டு தரப்பும் கௌரவத்துக்காகச் சொன்ன பொய். கடைசிப் பந்தியில் உட்கார்ந்த உனக்கு மோரும் ஊறுகாயும்தான். ஜாக்கிரதை.

நேற்று மாடியில் துணி உலர்த்தும்போது பயிற்சி விமானம் ஒன்று தாழப் பறந்தது. வாலில் சிவப்புப் பட்டை. ஓட்டுகிறவன் தலைகூடத் தெரிந்தது. நீ சின்ன வயதில் கையாட்டுவாயே, உனக்காக நான் ஆட்டி வைத்தேன்.

அக்கா,
காமு

மியூனிக்,
20-10-1989

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம்.

நீ வேடிக்கையாகச் சொன்ன கல்யாணக் கதை இங்கே நிஜமாகிவிட்டது. விமானம் கனத்துக்கொண்டே போகிறது. ஆறு இருக்கை நாலாகிவிட்டது. ஆனால் இரண்டு கம்பெனியும் சேர்ந்து உட்காரும் கூட்டத்தில் எல்லாம் சரியாக இருப்பதாகவே பேசுகிறார்கள். எங்கள் பகுதியின் நிஜ எடை, காகிதத்தில் இருப்பதைவிட நானூறு கிலோ அதிகம். எனக்குத் தெரியும், என் மேலதிகாரிக்கும் தெரியும். "அவர்களும் மறைக்கிறார்கள், நாம் ஏன் முதலில் சொல்ல வேண்டும்? கையெழுத்துப் போடு" என்கிறார். போட்டால் வேலை நிலைக்கும். ஆனால் இவ்வளவு கனத்தோடு இறங்கினால் இறக்கை தாங்காது. உள்ளே ஆட்கள் இருப்பார்கள், அக்கா.

இன்னொன்று. உன் போன கடிதம் இருபத்திரண்டு கிராம். எழுத்து ஒவ்வொன்றும் பனங்காய் அளவு. ஏழு தாளில் ஜெயக்கொடியைத் தவிர ஒருவர் சேதியும் இல்லை. என்ன ஆயிற்று?

உன்
ஸ்ரீரங்கன்

மாடம்பாக்கம்,
15-11-1989

சிரஞ்சீவி ஸ்ரீரங்கனுக்கு ஆசீர்வாதம். இங்கே சகலமும் க்ஷேமம்.

பேனா புதுசு, மை பட்டையாக இறங்குகிறது. அதற்கு இவ்வளவு விசாரணையா? டீச்சர் நானா நீயா?

உன் விஷயத்துக்கு வருகிறேன். பேசாமல் கையெழுத்துப் போடு. ஊரார் விமானத்துக்கு நீ ஏன் முதலில் வாய் திறக்க வேண்டும்? தூரத்தில் இருப்பவனிடம் நல்லதை மட்டும் சொல்வதுதான் உலக வழக்கம். உன் வேலைதான் எனக்குப் பெரிது.

இன்று காலையில் விமானச் சத்தம் கேட்டது. உன்னை நினைத்துக்கொண்டேன்.

அக்கா,
காமு

மியூனிக்,
4-3-1990

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம்.

உன் பேச்சைக் கேட்கவில்லை. கையெழுத்துப் போடவில்லை.

கூட்டத்தில் எழுந்து நானூறு கிலோவையும் சொல்லிவிட்டேன். பிறகு அந்தப் பக்கத்து எடைக்காரர், நரைத்த மனிதர், பைக்குள் கைவிட்டு நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்தார். அவர்கள் பக்கம் ஐந்நூற்றைம்பது கிலோ. ஒரு வருஷமாகச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. அவருக்குக் கண் கலங்கியது, எனக்கும்தான்.

திட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஏப்ரலோடு என் வேலை முடிகிறது. வருத்தம் இருக்கிறது, பயம் இல்லை.

இப்போது உன் முறை. இரண்டு வருஷக் கடிதங்களையும் மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். பதினொன்று, பதினான்கு, பதினெட்டு, இருபத்திரண்டு. எங்கள் விமானம் மாதிரியே கனம் கூடுகிறது, ஆட்கள் குறைகிறார்கள். விமானம் ஓட்டுகிறவன் தலையைப் பார்த்தவள் இப்போது சத்தம் கேட்டதாக மட்டும் எழுதுகிறாய். உன் கண்ணுக்கு என்ன? பேனா கதை வேண்டாம். நிஜக் கணக்கைச் சொல்.

உன்
ஸ்ரீரங்கன்

மாடம்பாக்கம்,
28-3-1990

ஸ்ரீரங்கா,

உன் கடிதத்தை ஜெயக்கொடிதான் வாசித்தாள். முடித்ததும் ஒரே திட்டு. "கூடப் பொறந்தவன்கிட்டயே மறைச்சிகினு கீறியே டீச்சரம்மா! நீ சொல்லலன்னா நானே எய்திப் போட்டுடுவேன்." அவளிடமே எழுதச் சொல்லியிருக்கலாம். ஆனால் இதை நானே எழுத வேண்டும்.

கண்ணுக்குள் அழுத்தம் என்கிறார் டாக்டர். இடது கண் போய்விட்டது. வலதில் குழாய் வழியாகப் பார்ப்பது போல நடுவில் மட்டும் தெரிகிறது. சொட்டு மருந்து இருப்பதைக் காப்பாற்றும், போனதைத் திருப்பாது. தீபாவளிக்கு முன்பே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். உனக்குத் தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு ஓடி வருவாய் என்றுதான் க்ஷேமம், க்ஷேமம் என்று எழுதினேன். தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது, ஸ்ரீரங்கா. வா.

மீனம்பாக்கத்துக்கு ஜெயக்கொடியோடு வந்து நிற்பேன். அந்தக் கூட்டத்தில் நீ என் கண்ணுக்குத் தெரியமாட்டாய். நீதான் என்னைக் கூப்பிட வேண்டும்.

காமு