சண்டைக்காரர்களின் முதல் சுற்று

மார்ச் 4

இன்று கடையில் மானம் போயிற்று. மகள் மதியச் சாப்பாடு கொண்டுவந்தாள். நான் இரண்டடி தள்ளி, சவரக்கத்தியும் கையுமாக நிற்கிறேன். அவளோ நாற்காலியில் முகம் நிறைய நுரையோடு இருந்தவரிடம், "அப்பாகிட்ட சாப்பாடு வந்திருக்குன்னு சொல்லிடுங்க" என்றுவிட்டுப் போனாள். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "வந்திருக்காம்" என்றார்.

அவர் பொருட்காட்சிக் கமிட்டிச் செயலாளர். வேறு யாராவது உட்கார்ந்திருக்கக் கூடாதா?

பேச்சு நின்றது பரீட்சை முடிவு வந்ததிலிருந்து. பேப்பரில் நம்பரைப் பார்த்துவிட்டு, கடைக்கு வந்த தலை ஒவ்வொன்றிடமும் "என் பொண்ணு பாஸ்" என்று பீற்றிக்கொண்டேன். மறுநாள்தான் தெரிந்தது, அது யாரோ பெற்ற பிள்ளையின் நம்பர்.

மார்ச் 5

நினைத்தது நடந்துவிட்டது. பொருட்காட்சி ராட்டினத்தின் முதல் சுற்றில் எங்கள் பெயரையும் செயலாளர் சேர்த்துவிட்டார்.

எங்கள் ஊர் வழக்கம் அப்படி. பொருட்காட்சி தொடங்கிய வருஷம் நடத்திய இரண்டு பேருக்கும் வாசல் எந்தப் பக்கம் என்று சண்டை. பேச்சுவார்த்தை கிடையாது. புது ராட்டினத்தில் ஏற யாருக்கும் துணிச்சல் இல்லாததால் அவர்களே ஏற, அது உச்சியில் நின்றுவிட்டது. "இறக்குடா!" என்று இரண்டு பேரும் சேர்ந்து கத்தினார்களாம். இன்றைக்கும் இரண்டு வாசல். முதல் சுற்று பேசாதவர்களுக்கு. வாய் திறக்காவிட்டால் இன்னொரு சுற்று. போன வருஷம் அண்ணன் தம்பி இரண்டு பேர் நாலு சுற்று சுற்றிவிட்டு ஒருவரையொருவர் திட்டினார்கள். திட்டுவதும் பேச்சுதானே என்று இறக்கிவிட்டார்கள்.

மகள் மறுக்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை விடுதிக்குக் கிளம்புகிறாள், மறுபடி படித்து எழுத. பேசாமலே பஸ் ஏறிவிடுவாளோ?

மார்ச் 6

மனைவி: "ஸ்டூல் மேல ஏறி பல்பு மாட்டவே நடுங்குவீங்க. ராட்டினமா?" உண்மைதான்.

மார்ச் 8, ஞாயிறு

ஏறினேன். முதல் சுற்று முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு கம்பியைக் கட்டிப்பிடித்திருந்தேன். கீழே ராட்டினக்காரர், "பேச்சு வந்துச்சா?" என்றார். இல்லை என்று மகள் தலையாட்டினாள். "போங்க, இன்னொரு சுத்து!"

உச்சிக்கு வந்தபோது, "கண்ணைத் திறங்கப்பா" என்றாள். திறந்தேன். ஊரே பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது.

"நம்பரைத் தப்பாப் பார்த்தீங்க, போகட்டும். நான் ஃபெயில்னு தெரிஞ்சதும் எதுக்குக் கடையை மூடினீங்க? என்னால அவ்வளவு அவமானமா?"

இதுவா இத்தனை நாளாக அவள் மனசில் கிடந்தது?

"அன்னிக்கு கரண்ட் இல்லம்மா."

"கத்திக்கு எதுக்குப்பா கரண்ட்?"

சிரித்துவிட்டாள். நானும். கீழே வந்ததும், "பேச்சு வந்துச்சு" என்று அவளே சொன்னாள்.

மார்ச் 9

பஸ் ஜன்னலில் இருந்து, "போயிட்டு வரேம்ப்பா" என்றாள். என்னிடமே, நேராக. கையை ஆட்டினேன்.

சொல்லாமல் விட்டது இதுதான் — அவமானம் இல்லம்மா. ரூமுக்குள்ள நீ அழுத சத்தம் காதை விட்டுப் போகவே இல்ல. கை நடுங்கிட்டே இருந்துச்சு. அந்தக் கையோட இன்னொருத்தர் கழுத்துல எப்படிக் கத்தியை வைப்பேன்?