எல்லாம் சொகம்

மாமா, இன்று சாயங்காலம் உங்கள் பேத்தி சோப்பு டப்பா ஒன்றை எடுத்து வந்து காதில் வைத்துக்கொண்டாள். மிலிட்டரி கேன்டீனில் நீங்கள் வாங்கிக் குவித்த அதே சோப்பு. அலமாரியைத் திறந்தால் இன்னும் அந்த வாசனைதான். ஒரு கையை இடுப்பில் ஊன்றி, நெஞ்சை நிமிர்த்தி, தொண்டையை ஒருமுறை செருமிவிட்டு, "அல்லோ! எல்லாம் சொகம்டா! நீ உன் டூட்டியப் பாரு!" என்று கத்தினாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் நான் நின்றிருந்தேன். அந்தச் செருமலைக்கூட விடாமல் பிடித்து வைத்திருக்கிறாள் பாருங்கள்.

அவளைத் தூங்க வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். செத்துப்போனவருக்கு மடல் எழுதுகிறாளே பைத்தியக்காரி என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்துக்கொள்ளுங்கள். உங்களோடு சண்டை போட எனக்கு வேறு வழி இல்லை.

நைனார்பாளையத்திலிருந்து நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது அத்தை இல்லை. சுவரில் மாலை போட்ட படமாக இருந்தாள். மாமியார் இல்லாத வீடு, கொடுத்து வைத்தவள் என்று எங்கள் ஊர்ப் பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். ஒரு மிலிட்டரி மாமனார் நாலு மாமியாருக்குச் சமம் என்று ஒருத்தியும் எனக்குச் சொல்லவில்லை. விடிவதற்குள் போர்வையைச் செங்கல் மாதிரி மடித்து வைத்துவிடுவீர்கள். என்னுடையதையும் மடிக்கச் சொல்லி வாசலில் நின்று இருமுவீர்கள். ஞாயிற்றுக்கிழமையானால் நீங்களே மாவு பிசைந்து சப்பாத்தி சுடுவீர்கள், அன்றைக்கு மட்டும் என்னைச் சமையல் கட்டுக்குள் விடமாட்டீர்கள். தியாகதுருகத்தில் ஒரு கல்யாணத்துக்கு எங்களை எவ்வளவு சீக்கிரமாக இழுத்துக்கொண்டு போனீர்கள் என்றால், மண்டபத்தையே இன்னும் திறக்கவில்லை. சாவி வந்ததும் நீங்களே நாற்காலி எடுத்துப் போட ஆரம்பித்துவிட்டீர்கள். பெண் வீட்டார் உங்களைப் பந்தல்காரர் என்று நினைத்து, "இன்னும் ரெண்டு வரிசை போடுங்க" என்றார்கள். அதையும் போட்டீர்கள். வரும் வழியெல்லாம் நான் சிரித்துக்கொண்டே வந்தேன். "சிரிப்பு ஜாஸ்தியாயிடுச்சி உனக்கு" என்றீர்கள். உங்கள் மீசையும் ஆடியதை நான் பார்த்தேன்.

எங்கேயோ வடக்கே பனிமலையில் நிற்கும் உங்கள் மகன் சாயங்காலம் போன் செய்தால், முதல் பேச்சு உங்களுடையதுதான். எழுந்து நின்றுதான் பேசுவீர்கள். என்ன நடந்திருந்தாலும் அந்த ஒரே வார்த்தைதான், எல்லாம் சொகம். மழையில் பின்பக்கச் சுவர் விழுந்தபோதும் சொகம். பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்து கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் சொகம். அதுதான் இந்த வீட்டுச் சட்டம். எல்லையில் நிற்பவனுக்கு வீட்டுக் கவலை போகக்கூடாது. மிலிட்டரிக்காரர் வீடுகளில் எல்லாம் இப்படித்தான் என்பீர்கள். நானும் போனை வாங்கி அதையே சொல்வேன். அவரும் அங்கிருந்து, "இங்க ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்பார். மூன்று பேரும் ஒருவருக்கொருவர் பொய் சொல்லிவிட்டுச் சோறு தின்னப் போவோம்.

பிறகு உங்கள் வயிற்றில் அந்தக் கட்டி வந்தது. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, முற்றிவிட்டது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி வருகிற பஸ்ஸில் நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வந்தேன். நீங்கள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அவன்கிட்ட மூச்சு வுடக்கூடாது" என்றீர்கள். உங்களுக்கு வந்த நோயைப் பற்றி அன்றைக்கு நீங்கள் பேசிய ஒரே பேச்சு அதுதான்.

வெள்ளிமலையில் ஒரு மூலிகை வைத்தியர் இருக்கிறார் என்று யாரோ சொல்ல, அங்கே போக ஒற்றைக்காலில் நின்றீர்களே, நினைவிருக்கிறதா? மருந்து வாங்கிக்கொண்டு இறங்கும்போது மலைப்பாதை வளைவில் உங்களுக்குக் குமட்டியது. பஸ்ஸை விட்டு இறங்கிச் சாலையோரத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்தோம். கீழே கோமுகி அணைத் தண்ணீர் வெயிலில் தகடு மாதிரி கிடந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு, எதையோ விசாரிப்பதுபோல் ஆரம்பித்தீர்கள்.

"உன் வூட்டுக்காரனுக்கு முன்னால எங்களுக்கு ஒரு பொட்டப்புள்ள இருந்துச்சிமா. தெரியுமா உனக்கு?"

எனக்குத் தெரியாது. அவருக்கே தெரியாது.

"கைக்கொழந்த. மஞ்சக்காமால வந்து போயிடுச்சி. நான் பனியில நின்னுக்கினு இருக்கேன். உங்க அத்த எழுதறா, எல்லாம் சொகம், பாப்பா நல்லா சிரிக்குதுன்னு. லீவு கெடச்சிது. லேஸ் வச்ச கவுனு ஒண்ணு வாங்கிக்கினு வந்தேன். பாப்பா எங்கடின்னு கேட்டா, ஏரிக்கரை பக்கம் கைய காட்டறா."

அந்த லீவு முழுக்க அத்தையோடு பேசவில்லை என்றீர்கள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. நோயாளி என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன்.

"அப்போ சொல்லாம வுட்டா எப்டி இருக்கும்னு உங்களுக்கே தெரியுது இல்ல மாமா? அதையே உங்க புள்ளைக்கும் பண்ணச் சொல்றீங்களே, இது இன்னா நியாயம்?"

நீங்கள் கோபப்படவில்லை. "தெரிஞ்சிதாம்மா சொல்றேன். அவ அன்னிக்கி எழுதியிருந்தா நான் அங்கியே செத்துப் போயிருப்பேன். பனி மேல நடக்கறவனுக்கு நெனப்பு காலடியில இருக்கணும். வூட்ல இருந்தா வழுக்கிடும். என்னைக் காப்பாத்தத்தான் அவ ஒருத்தியா அழுதுக்கினு கெடந்தா. அது எனக்குப் புரியறதுக்குள்ள அவ போயிட்டா. புரிஞ்சிதுன்னு அவகிட்ட ஒரு வார்த்த சொல்லல." பிறகு கையை நீட்டினீர்கள். "அவன்கிட்ட சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு."

நல்லவேளையாக அடுத்த பஸ் வந்துவிட்டது. உங்கள் கையைப் பிடித்துத் தூக்கி ஏற்றினேன். சத்தியம் பண்ணவில்லை.

அதற்குப் பிறகு எத்தனை சாயங்காலம்! சுருண்டு கிடக்கும் நீங்கள் போன் அடித்தால் மட்டும் சுவரைப் பிடித்து எழுந்து நிற்பீர்கள். நெற்றியில் வேர்வை வழியும். குரல் மட்டும் பரேடு மைதானத்தில் நிற்கும். போனை என்னிடம் கொடுத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே கட்டிலில் சாய்வீர்கள். நான் உங்களைப் பார்த்துக்கொண்டே அவரிடம், சொகம் என்பேன். சொல்லும்போதெல்லாம், நேரில் பார்த்திராத அத்தை நினைவுக்கு வருவாள். செத்த பிள்ளை சிரிக்கிறது என்று எழுத அவளுக்குக் கை எப்படி வந்திருக்கும்? உங்களுக்குப் புரிந்ததுபோல் எனக்கும் அவளைப் புரிந்தது. ஆனால் அவள் மாதிரி இருக்க என்னால் முடியவில்லை. ஒரு நாள் போனை எடுத்துக்கொண்டு மரவள்ளிக் கொல்லைக்குள் போய் அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். கட்டியைச் சொன்னேன், நாள் குறைவு என்றதைச் சொன்னேன். அந்தப் பக்கம் காற்றுச் சத்தம்தான் கேட்டது. "பாத்து நடங்க, பாத்து நடங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவர் போன் செய்து, "ஸ்பீக்கர்ல போடு" என்றார். நீங்கள் வழக்கம்போல் எழுந்து நின்று செருமினீர்கள்.

"எல்லாம் சொகம்டா. நீ உன்..."

"அப்பா, எனக்குத் தெரியும்ப்பா."

என்னைத் திரும்பிப் பார்த்தீர்களே ஒரு பார்வை! நான் தலையைக் குனியவில்லை. அவர் கேட்டார். "ரொம்ப வலிக்குதாப்பா?"

உங்கள் மீசை நடுங்கியது. மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தீர்கள். மகனோடு நீங்கள் உட்கார்ந்து பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"வலிக்குதுடா ராசா. தாங்க முடியலடா."

சின்னப் பிள்ளைபோல அழுதீர்கள். அங்கே அவரும் அழுதார். நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டேன். நெடுநேரம் பேசினீர்கள். இடையில் சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது. என்ன பேசினீர்கள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. ஏரிக்கரைப் பிள்ளையைப் பற்றியும் சொன்னீர்கள் என்பது மட்டும், பிறகு அவர் என்னிடம், "எனக்கு ஒரு அக்கா இருந்துச்சாம்" என்றபோது தெரிந்தது.

அடுத்த ரெண்டு நாள் என்னிடம் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் டீயை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, "சக்கர கம்மியா இருக்குது" என்றீர்கள். கோபம் தீர்ந்தது என்று எடுத்துக்கொண்டேன்.

அவருக்கு லீவு கிடைத்தும் கீழே இறங்க வழி இல்லை. பனி மூடிவிட்டது. தினமும் போனில்தான் உங்களோடு இருந்தார். ஒரு காலை வேளையில், நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் போய்விட்டீர்கள். பங்காளி வீட்டுப் பிள்ளை கொள்ளி வைத்தான். அவர் வந்து சேர்ந்தபோது சாம்பலைக் கரைத்துவிட்டு, கருமாதிக்கு ஆள் சொல்லிக்கொண்டிருந்தோம். வாசலில் பையை இறக்கி வைத்துவிட்டு உங்கள் வெறும் கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. "நீ சொன்னதாலதான் அப்பாகிட்ட பேசினேன்" என்று மட்டும் சொன்னார்.

மறுபடியும் பனிமலைக்குப் போய்விட்டார் மாமா. போன வாரம் பேசும்போது, நான் வழக்கம்போல், "அங்க எப்டி இருக்குதுங்க?" என்று கேட்டேன். ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று சொல்வார் என்று காத்திருந்தேன்.

"வலது கால்ல ரெண்டு விரல் குளிர்ல மரத்துப் போயிடுச்சி. கறுத்துக்கினு வருது. டாக்டர் பாத்துக்கினு இருக்காரு. பயமாத்தான் இருக்குது. உன்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்லுவேன்?"

"சொன்னீங்களே, அது போதும்" என்றேன். நன்றாகத்தான் பேசினேன். போனை வைத்த பிறகு அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். அன்றிலிருந்து பாப்பாவுக்குச் சோறு ஊட்டும்போதும் அந்த ரெண்டு விரல். களை எடுக்கும்போதும் அந்த ரெண்டு விரல். படுத்தால் கண் மூட முடியவில்லை. நீங்களும் அத்தையும் ஒருவருக்கொருவர் எதை இறக்கி வைக்காமல் சுமந்தீர்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. அடம் பிடித்து உண்மையைக் கேட்டு வாங்கியவள் நான். அது இத்தனை கனம் என்று நீங்கள் அந்த மலை வளைவில் சொல்லத்தான் சொன்னீர்கள்.

கனமாகத்தான் இருக்கிறது, மாமா. ஆனாலும் நாளைக்கு அவர் கூப்பிட்டால், முதலில் அந்த விரல்களைப் பற்றித்தான் கேட்பேன்.